ஸ்டாண்டு இல்லாத சைக்கிள் வாங்கி நகராமல் ஓட்டுவது எப்படி?

விருத்தாசலத்தில் இருந்துகொண்டு ஃபிளாட்லேண்ட் பி.எம்.எக்ஸ் பழக நினைக்கிறவர் முதலில் செய்ய வேண்டியது, அந்த எண்ணம் தானாகப் போகிறதா என்று ஒரு வாரம் பார்ப்பது. பெரும்பாலும் போய்விடும். கோபே நகரத்து யோஹெய் உச்சினோவோ மாட்ரிட்டின் விக்கி கோமேஸோ முன்சக்கரத்தின் மேல் நின்றபடி சுழல்வதைப் போனில் பார்த்துக் கிளம்புகிற ஆசை, அடுத்த வாரம் யாராவது டிரோன் விட்டால் அந்தப் பக்கம் திரும்பிவிடும். திரும்பாதவர்களுக்காகவே இந்தக் கையேடு.

விஷயம் இதுதான். இருபது அங்குலச் சக்கரம் வைத்த சின்ன சைக்கிள். சறுக்கு மேடை, படிக்கட்டு, பள்ளம், மேடு எதுவும் வேண்டாம். இரண்டு கார் நிறுத்துகிற அளவு மட்டமான தரை போதும். அதற்குள்ளேயே சைக்கிளை ஒற்றைச் சக்கரத்தில் தூக்கி, உருட்டி, ஹேண்டில் பாரைத் தாண்டி முன்பக்கம் வந்து, சக்கரத்தின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கிற பெக் என்ற இரும்புக் குழாயின் மேல் நின்று சுற்றி, மறுபடி சீட்டுக்கு வந்து சேர்வார்கள். கால் தரையில் படக் கூடாது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதுதான் மொத்தப் பயணம். எங்கேயும் போய்ச் சேராத இந்த சைக்கிளுக்குத்தான் நீங்கள் காசு கேட்கப் போகிறீர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வரலாறு கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாப் பையன்கள், மோட்டார் சைக்கிள் மண்பந்தயக்காரர்களைப் பார்த்துவிட்டு, ஷ்வின் ஸ்டிங்-ரே சைக்கிளை மண்மேட்டில் விரட்டியதில் பி.எம்.எக்ஸ் தொடங்கியது. பந்தயம் ஓடுவதைவிட, ஓடாத நேரத்தில் வித்தை காட்டுவது சிலருக்குப் பிடித்துப்போனது. அவர்களில் முக்கியமானவர் பாப் ஹாரோ. 1982-ல் வந்த ‘இ.டி.’ படத்தில் சைக்கிள் சாகசம் செய்தவர்களில் அவரும் ஒருவர். ஓட்டியது ஜப்பானின் குவஹாரா சைக்கிள். எண்பதுகளின் பிற்பகுதியில் பென்சில்வேனியாவின் யார்க் என்ற ஊரில் கெவின் ஜோன்ஸ் என்பவர் டயரைக் காலால் தேய்த்தே சைக்கிளை உருட்டுகிற வித்தைகளைப் பெருக்கி, இன்றைய ஃபிளாட்லேண்டுக்கு வழி போட்டார். ஒலிம்பிக்கில் பி.எம்.எக்ஸ் பந்தயம் 2008-ல் பெய்ஜிங்கில் நுழைந்தது. சறுக்கு மேடை வித்தை டோக்கியோவில் நுழைந்தது. தரை வித்தைக்கு இன்னும் இடம் இல்லை. ஆகவே ஸ்போர்ட்ஸ் கோட்டா, காலேஜ் சீட்டு, ரயில்வே வேலை என்று எதையும் அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஊர் ஜங்ஷனாக இருப்பதால் ரயில்வே வேலை என்ற சொல்லுக்கு இங்கே மதிப்பு அதிகம், பிற்பாடு தொல்லை.

அப்பாவிடம் பேசும் கட்டத்தை யாரும் தவிர்க்க முடியாது. பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“கேரியர் எங்கடா?”

“கெடையாதுப்பா.”

“மட்கார்டு?”

“அதுவும் கெடையாது.”

“ஸ்டாண்டு கூடவா இல்ல? அப்ப எப்படி நிறுத்துவ?”

“படுக்கப் போட்டுடலாம்பா.”

“பாதி சைக்கிளுக்கு மூணு சைக்கிள் வெல சொல்றானா?”

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எங்கேயும் விடை கிடையாது. பெல் இல்லை, லாக் இல்லை, செயின் கார்டு இல்லை, பின்னால் தங்கச்சியை உட்கார வைக்க முடியாது, அரிசி மூட்டை வைக்க முடியாது. பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிள், கூடையும் கேரியருமாக வாசலிலேயே நிற்கிறது. ஒரு குடும்பம் எதையெல்லாம் சைக்கிள் என்று நினைத்திருக்கிறதோ, அதையெல்லாம் கழற்றிய பின் மிச்சம் இருப்பதுதான் ஃபிளாட்லேண்ட் சைக்கிள். அப்பாவை ஒப்புக்கொள்ள வைக்க முயலாதீர்கள். களைத்துப்போக வையுங்கள்.

அம்மா வேறு வழியில் போவார். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவில் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே குறையைக் கோர்ட்டு மனு மாதிரி தாளில் எழுதிப் பிராது கட்டுவது வழக்கம் என்பது இந்தச் சீமையில் எல்லோருக்கும் தெரியும். கடன் திரும்பாதவர், காணாமல்போன மாடு, பங்காளிச் சண்டை என்று அங்கே வழக்குகள் குவிந்து கிடக்கின்றன. அந்தக் கட்டில் உங்கள் சைக்கிளும் எதிர்வாதியாகச் சேர வாய்ப்புண்டு. பதற வேண்டாம். அம்மாவின் மனு பெரும்பாலும் ‘பிள்ளைக்கு அடிபடக் கூடாது’ என்றுதான் இருக்கும். ஹெல்மெட்டும், கால்பந்துக்காரர்கள் காலில் கட்டுகிற ஷின் கார்டும் வாங்கிவிட்டால் பாதி வழக்கு அங்கேயே தள்ளுபடி. பிராது கட்டியவர் வேண்டுதல் நிறைவேறியதும் அதை வாபஸ் வாங்குவதும் உண்டு; அந்த நாளில் கூடவே போய் நில்லுங்கள், நல்ல பிள்ளை என்று பெயர் கிடைக்கும்.

இனி சைக்கிள். கடைக்குப் போய் “பி.எம்.எக்ஸ் இருக்காண்ணே?” என்று கேட்டால் “இருக்கு” என்பார். பி.எம்.எக்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிய எட்டு வயதுப் பையன் சைக்கிளை எடுத்து வைப்பார். அவர் ஏமாற்றவில்லை. அவரைப் பொறுத்தவரை இருபது அங்குலச் சக்கரம் இருந்தால் அது பி.எம்.எக்ஸ். பெக்கும் ஒரு ஜோடி இனாமாகத் தருவார். அந்தப் பெக்கின் மேல்தான் உங்கள் விதி இருக்கிறது, கொஞ்சம் குனிந்து பாருங்கள்.

சாதாரண சைக்கிளின் ஆக்சில் பத்து மில்லிமீட்டர் கனத்தை ஒட்டி இருக்கும். சக்கரத்தைத் தாங்க அது போதும். சக்கரத்துக்கு வெளியே நாலு அங்குலம் நீட்டிய குழாயின் நுனியில் அறுபது கிலோ ஆள் ஏறி நின்று குதித்தால் வளைந்துவிடும். வித்தைக்கென்றே செய்த சைக்கிளில் பின் ஆக்சில் பதினான்கு மில்லிமீட்டர் இருக்கும். பெக்கின் மேல் சொரசொரப்பாக வரி வெட்டியிருக்கும், ஷூ வழுக்காமல் இருக்க. கடையில் ஸ்கேலை எடுத்து ஆக்சிலை அளந்தால் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். கலரை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு அடுத்த மாதமே ஆக்சில் மாற்றும் செலவு வரும்.

பிறகு ஃபிரேம். மலிவான ஃபிரேம் சாதா இரும்பு. மொத்தச் சைக்கிள் பதினான்கு, பதினைந்து கிலோ வரும். விலை கூடியது குரோமோலி என்ற கலப்பு எஃகு. பத்து, பதினொரு கிலோவில் முடிந்துவிடும். தூக்கிச் சுற்றப்போவது நீங்கள் என்பதால் இந்த நாலு கிலோ முக்கியம். ஃபிளாட்லேண்டுக்கென்றே செய்ததில் பின்சக்கரம் சீட்டுக்கு அடியில் நன்றாக நெருங்கி இருக்கும், சைக்கிளே குட்டையாகத் தெரியும். சீட்டு தாழ்ந்திருக்கும், உட்காருவதற்கு அல்ல, கையால் பிடிப்பதற்கு. பெடல் மட்டும் பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். அலுமினியப் பெடலின் பல் முழங்காலுக்குக் கீழே எலும்பில் எழுதும் எழுத்து சுலபத்தில் அழியாது.

ஜைரோ என்று ஒரு சாதனம் உண்டு. ஹேண்டில் பாரை முழுச்சுற்று சுற்றினாலும் பின் பிரேக் ஒயர் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பின் பிரேக்கையே கழற்றிவிட்டு முன் பிரேக்கை மட்டும் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அப்படிக் கழற்றினால் கடலூர் ரோட்டில் இறங்காதீர்கள்.

அடுத்தது ஃப்ரீகோஸ்டர். நம்முடைய சைக்கிளைப் பின்னால் தள்ளினால் பெடலும் கூடவே பின்னால் சுற்றும், தெரியுமல்லவா? ஃப்ரீகோஸ்டர் ஹப் போட்டால் சக்கரம் பின்னோக்கி உருளும், பெடல் அசையாது. அதன் மேல் காலை வைத்து நிம்மதியாக நிற்கலாம். மீண்டும் முன்னால் மிதிக்கும்போது முதலில் கொஞ்சம் வெறுமனே சுற்றி, அப்புறம்தான் பிடிக்கும். இதை சைக்கிள் கடை அண்ணனிடம் விளக்கிப் பாருங்கள். “பின்னால போனா பெடல் சுத்தல, முன்னால மிதிச்சா லேட்டா பிடிக்குது, அவ்ளோதானே? ஃப்ரீவீல் போயிடுச்சு தம்பி. வச்சிட்டுப் போ, சாயங்காலம் புதுசு போட்டு வைக்கிறேன்” என்பார். பல ஆயிரம் ரூபாய் ஹப்பை அவர் இனாமாகச் சரிசெய்துவிடும் ஆபத்து உண்மையிலேயே உண்டு. முதல் சைக்கிளுக்கு ஃப்ரீகோஸ்டர் வேண்டாம். முன்சக்கர வித்தை நாலு பழகும்வரை அதனால் ஒரு பயனும் இல்லை. அதே சமயம் அந்த அண்ணனைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். கோட்டம் எடுக்க, கோன் டைட் வைக்க, பால்ரஸ் மாற்ற அவரை விட்டால் ஆள் கிடையாது. ரிம்மைச் சுழலவிட்டு, கட்டை விரல் நகத்தை ஓரத்தில் வைத்து, எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்கிற ஞானம் இன்னும் எந்த வீடியோவிலும் இறங்கவில்லை.

நல்ல சரக்கு வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். சுங்க வரியும் சேர்ந்தால் அரை லட்சத்தைத் தாண்டிவிடும். ஆன்லைனில் பணம் கட்டும்போது நம் ஊர்ச் சரித்திரம் நினைவுக்கு வரட்டும். இங்கே கிடைத்த பன்னிரண்டாயிரம் பொன்னை சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் தேடி எடுத்தார். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுவதை ஆன்லைன் வியாபாரம் வருவதற்கு வெகு காலம் முன்பே செய்து காட்டியவர்கள் நாம். எடுத்த பொன் போட்ட பொன்தானா என்று மாற்று உரைத்துப் பார்க்க அவருக்கு ஒரு பிள்ளையார் இருந்தார். உங்களுக்கு யாரும் இல்லை. பெட்டி வந்ததும் வெல்டிங், ஆக்சில், ஃபோர்க் மூன்றையும் நீங்களே உரைத்துப் பாருங்கள். என் தீர்ப்பு: முதல் சைக்கிள் செகண்ட் ஹேண்டாக இருக்கட்டும். சென்னையிலோ பெங்களூரிலோ இதே ஆசை வந்து, இதே ஆசை போன ஒருவர் மாடியில் ஒன்றைத் துணி காயப்போட வைத்திருப்பார்.

காற்று ஒரு தனி அத்தியாயம். தரை வித்தைக்கு டயர் கல்லாக இருக்க வேண்டும். நூறு பவுண்டு வரை ஏற்றுவார்கள். டயரின் பக்கத்தில் உச்ச அளவு அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். நம் சைக்கிள் டியூபில் இருக்கிற ரப்பர் வால் டியூப் சமாச்சாரம் இதில் கிடையாது. மோட்டார் சைக்கிள் மாதிரி வால்வு. அதனால் கைப்பம்பை விட்டுவிட்டு டூவீலர் பஞ்சர் கடைக்குப் போக வேண்டும். “நூறு வைங்கண்ணே” என்றதும் அவர் குழாயைக் கீழே வைத்துவிட்டு சைக்கிளையும் உங்களையும் மாறி மாறிப் பார்ப்பார். “லாரிக்கு வைக்கிற காத்தக் கேக்குறியே தம்பி, வெடிச்சா நான் பொறுப்பில்ல.” லாரிக் கணக்கு உண்மைதான். டயரில் இருக்கும் எழுத்தைக் காட்டுங்கள். அப்போதும் அறுபதோடு நிறுத்திவிடுவார். ஆரம்பத்துக்கு அது போதும்.

சைக்கிள் கிடைத்துவிட்டது, காற்றும் பிடித்தாயிற்று. இடம்? இங்கேதான் விருத்தாசலம் தன் கைவரிசையைக் காட்டும்.

மணிமுத்தாறு வருஷத்தில் பெரும்பகுதி மைதானம் போலத்தான் கிடக்கிறது, ஆனால் மணல், சக்கரம் புதையும். விருத்தகிரீஸ்வரர் கோவில் பிராகாரத்தின் கல்தளம் அருமையானது. கோபுரம் ஐந்து, தீர்த்தம் ஐந்து, தேர் ஐந்து என்று எல்லாமே ஐந்தாக இருக்கிற கோவிலில் ஆறாவதாக ஒரு வாகனத்தை உருட்டிக்கொண்டு நுழைவது முறையல்ல. ஜங்ஷன் பிளாட்பாரம் நீளமானது, மழை படாதது. ரயில்வே போலீஸும் அதே காரணத்துக்காக அங்கேதான் நிற்பார்கள். பாலக்கரையில் நின்று நாலு பக்கமும் பாருங்கள். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

சுற்றுக் கிராமங்களில் இருக்கிற சிமெண்டுக் களம் ஃபிளாட்லேண்டுக்கென்றே கட்டியது மாதிரி இருக்கும். நாலு பக்கமும் வெட்டவெளி, நடுவில் சமதளம். ஆனால் தை, மாசியில் அங்கே சம்பா நெல் காயும். அது போனால் உளுந்து, எள், நிலக்கடலை. இந்த ஊர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. நிலக்கடலை ரகங்கள் விளைச்சலில் பெயர் பெற்றவை. சிதறிக் கிடந்த ஒரு கடலை முன்சக்கரத்துக்கு அடியில் போனால் அந்த விளைச்சலின் அருமை உங்கள் முட்டிக்குத் தெரியும். சித்திரை, வைகாசியில் களம் காலியாக இருக்கும், தோசைக் கல்லாகவும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை. கழித்துக்கொண்டே வந்தால் கையில் நிற்பவை ஆடியும் மார்கழியும். அந்த இரண்டு மாதமும் முகூர்த்தம் கிடையாது, கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். சாப்பாட்டுக் கூடத்தின் தரையைவிட மட்டமான தரையை மனிதன் கட்டுவதில்லை. சாம்பார் ஓடக் கூடாது என்று பார்த்துக் கட்டியிருப்பார்கள். வாட்ச்மேன் தாத்தாவுக்கு டீ, வடை. வழவழப்பான டைல்ஸ் போட்ட மண்டபம் வேண்டாம், டயர் நழுவும். மொசைக்கோ, சொரசொரப்பான தரையோ இருக்கிற பழைய மண்டபமாகப் பாருங்கள்.

கடைசியாக எல்லோருக்கும் தோன்றுவது செராமிக் தொழிற்பேட்டை. உள்சாலைகள் மட்டமாக இருக்கின்றன, சாயங்காலம் கூட்டமில்லை, நிழல் உண்டு. வேண்டாம் என்றுதான் சொல்வேன். சொன்னாலும் போவீர்கள் என்பதால் சில பாதுகாப்பு விதிகளைத் தருகிறேன். சைக்கிளின் பாதுகாப்புக்கு அல்ல.

பொம்மை வார்க்கிற பட்டறை வாசலில் பலகை பலகையாகப் பிள்ளையாரும் யானையும் ஊதுவத்தி ஸ்டாண்டும் காய்ந்துகொண்டிருக்கும். அவை எந்த நிலையில் இருக்கின்றன என்று தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கப் பழகுங்கள். களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் எல்லாவற்றையும் பால்மில்லில் தண்ணீரோடு அரைத்தால் கெட்டிப்பால் பதத்தில் ஒரு கூழ் வரும். அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றிக் கொஞ்ச நேரம் விடுவார்கள். அச்சு தண்ணீரைக் குடிக்கும். உள்சுவரில் கூழ் தோலாகப் படியும். தோல் போதிய கனம் ஆனதும் மிச்சக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, அச்சை இரண்டாகப் பிரித்தால் உள்ளே வெறும் கூடாக ஒரு பிள்ளையார். இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் பிள்ளையாரின் காது வழியாக ஒரு கோடு ஓடியிருக்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் ஒரு துடை துடைத்துப் பலகையில் வைப்பார் ஒரு அம்மா. அப்போது அது சாம்பல் நிறத்தில், பளபளப்பு இல்லாமல் இருக்கும். விரலால் அழுத்தினாலே உடையும்.

விழுந்தே ஆக வேண்டும் என்றால் அதன் மேல் விழுங்கள். சுடாத பொம்மை உடைந்தால் நஷ்டம் உழைப்போடு நின்றுவிடும். துண்டுகளைத் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி கூழாகிவிடும், நாளைக்கு அதே பிள்ளையார் அதே அச்சிலிருந்து வருவார். ஒரு முறை சூளைக்குப் போய் வந்தது வெளுப்பாக, தட்டினால் ஓசை வரும்படி இருக்கும். அது திரும்பக் கூழாகாது. பொடித்துத்தான் எதிலாவது கலக்க வேண்டும். பாதி விலை பேசுங்கள். பளபளவென்று மின்னினால் கிளேஸ் பூசி ஆயிரத்து இருநூறு டிகிரி அளவில் வெந்து வந்தது என்று பொருள். அதன் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடப் போகாதீர்கள். மின்சாரத்துக்கான பீங்கான் இன்சுலேட்டர், ஃபியூஸ் கட்டை அடுக்கிய இடமாக இருந்தால் பயம் வேண்டாம், உடைவது நீங்களாகத்தான் இருக்கும். தரையில் கிடக்கும் பீங்கான் சில்லு மட்டும் பொது எதிரி. கல் போலக் காற்றடித்த டயரில் அது இறங்கும்போது வருகிற சத்தத்துக்குப் பட்டறைக்குள் இருப்பவர்கள் சூளை வெடித்துவிட்டது என்று வெளியே ஓடி வருவார்கள். அரசு செராமிக் தொழில்நுட்பக் கல்வி நிலையத்துப் பிள்ளைகள் யாராவது நண்பர்களாக இருந்தால் இவற்றையெல்லாம் இன்னும் விவரமாகச் சொல்வார்கள், சைக்கிளைக் கேட்டு ஒரு ரவுண்டும் போவார்கள்.

இப்போது வித்தைகள். முதலாவது, சும்மா நிற்பது. இரண்டு பெடலும் தரைக்கு இணையாக, முன்சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பி, பிரேக்கை லேசாகப் பிடித்து, முன்னும் பின்னும் விரல்கடை அளவு ஆட்டி, கால் ஊன்றாமல் நிற்க வேண்டும். இதில் கஷ்டமானது சமநிலை அல்ல. தெருவில் போகிற ஒவ்வொருவரும் “செயின் கழண்டுடுச்சா தம்பி?” என்று கேட்பார்கள். பதில் சொன்னால் கால் ஊன்றிவிடும். சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவன் என்பார்கள். தலையை ஆட்டாமல் புன்னகை செய்யப் பழகுங்கள்.

இரண்டாவது, எண்டோ. மெதுவாக உருண்டு வந்து, முன் பிரேக்கை அழுத்தி, உடம்பை முன்னே கொடுத்தால் பின்சக்கரம் மேலே எழும்பும். எழும்பியதும் உடம்பைப் பின்னுக்கு வாங்கி இறக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு இது கூடுதல் சிரமம். “முன் பிரேக்கப் பிடிக்காத, குப்புற விழுவ” என்று சொல்லித்தான் நம் எல்லோருக்கும் சைக்கிள் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்த அறிவுரை முழுக்கச் சரி. எண்டோ என்பது அந்த அறிவுரையை வேண்டுமென்றே மீறி, பாதியில் மனம் மாறுவது. மனம் மாற மறந்தவர்கள் ஹேண்டில் பாருக்கு மேலாக வந்து காலூன்றி நிற்கப் பழக வேண்டும்; அதையும் சேர்த்தே முதல் நாளில் பழகுங்கள். சைக்கிளை விட்டுவிட்டு இறங்கத் தெரிந்தவருக்குப் பயம் பாதியாகிவிடும். இந்த ஒரு யோசனை மட்டும் விளையாட்டுக்குச் சொன்னதல்ல.

மூன்றாவது, டயர் தேய்ப்பது. ஒரு கால் முன்பெக்கில், மற்றக் காலின் ஷூ முன் டயர் மேல். உடம்பை முன்னே கொண்டுவந்து பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, ஷூ அடியால் டயரைத் துளித்துளியாகத் தள்ளி உருட்ட வேண்டும். கெவின் ஜோன்ஸ் யார்க்கில் செய்ததன் அரிச்சுவடி இதுதான். ரப்பர் செருப்போடு முயலாதீர்கள்; செருப்பு ஃபோர்க்குக்குள் போகும், காலும் பின்னாலேயே போகும். தட்டையான அடி வைத்த கான்வாஸ் ஷூ போதும். பள்ளிக்கூட ஷூவைப் போட்டால் எத்தனை நாளில் ஓட்டை விழுந்தது என்று வீட்டில் விசாரணை நடக்கும்.

நான்காவது, ஹேங் ஃபைவ். இதைச் செய்துவிட்டால் நீங்கள் ஆரம்பநிலையைத் தாண்டிவிட்டீர்கள், இந்தக் கையேடும் தேவையில்லை. நடக்கிற வேகத்தில் உருண்டு வந்து, ஒரு காலை முன்பெக்கில் வைத்து, மறுகாலை முன்னே வீசி, பின்சக்கரம் அந்தரத்தில் தொங்க, முன்சக்கரத்தால் மட்டும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தொங்கும் கால்தான் தராசு முள். முன்னே சாய்ந்தால் காலைப் பின்னே, பின்னே சாய்ந்தால் காலை முன்னே. சக்கரத்தைப் பார்க்காதீர்கள், போகிற இடத்தைப் பாருங்கள். இது பழக மாதங்கள் ஆகும். அதுவரை யாராவது “என்னப்பா பண்ற?” என்று கேட்டால் “பிரேக் செக் பண்றேன்” என்று சொல்லுங்கள்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களில் அறுபதைத் தாண்டிய ஒருவர் கட்டாயம் இருப்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதெல்லாம் என்னா, எங்க ஊருக்கு ஒருத்தன் வந்து ஏழு நாள் எறங்காம சுத்துனான்” என்பார். மற்ற ஆலோசனைகளைக் காதில் வாங்காதீர்கள். இதை மட்டும் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து கேளுங்கள்.

அவர் சொல்வது சைக்கிள் சுற்றுகிறவரை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் எண்பதுகள், தொண்ணூறுகள் வரை அவர்கள் தவறாமல் வந்தார்கள். ஊர்ப் பொது மைதானத்தில் நடுவே ஒரு கம்பம், சுற்றிக் கயிறு, டியூப் லைட், குழாய் ரேடியோ. மூன்று நாளோ ஐந்து நாளோ ஏழு நாளோ, சைக்கிளை விட்டு இறங்காமல் அந்தக் கம்பத்தைச் சுற்றுவார். குளிப்பது, சோறு தின்பது, சவரம் செய்வது, சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள் மேலேயே. பகலில் சும்மா சுற்றல். சாயங்காலம் கூட்டம் சேர்ந்ததும் வித்தை. ஹேண்டில் பார் மேல் திரும்பி உட்கார்ந்து பின்பக்கமாக ஓட்டுவார், பார் மேல் வயிற்றைக் கொடுத்துப் படுத்து இரண்டு கையையும் விரிப்பார், முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போவார், ஓடுகிற சைக்கிளிலிருந்து தலைகீழாகச் சாய்ந்து தரையில் கிடக்கும் ரூபாய் நோட்டை வாயால் எடுப்பார். இடையிடையே ரெக்கார்டு டான்ஸ். மைக்கில் ஊர்ப் பெரியவர்கள் பெயர் சொல்லிச் சொல்லி அன்பளிப்பு அறிவிப்பு, சட்டையில் குத்திய நோட்டுகள். கடைசி நாள் மார்பில் டியூப் லைட் உடைப்பதும், மண்ணில் புதைந்து எழுவதும்.

ஓட்டியது இருபது கிலோவை ஒட்டிய கருப்புச் சைக்கிள். அவரும் மட்கார்டைக் கழற்றியிருந்தார், கேரியரைக் கழற்றியிருந்தார், ஸ்டாண்டைக் கழற்றியிருந்தார். சிலர் ஃப்ரீவீலை எடுத்துவிட்டுச் சக்கரத்தோடு பெடலும் சுற்றும்படி பற்ற வைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் பின்னாலும் மிதிக்க முடியும். பாப் ஹாரோ கலிபோர்னியாவில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நின்ற அதே வருஷங்களில் இது இங்கே நடந்தது. இரண்டு பக்கத்தாருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. அந்தப் பக்கத்தாருக்குக் கம்பெனி சட்டை கொடுத்தது, பத்திரிகை அட்டையில் போட்டது. நம்மவருக்கு ஊர் துண்டு போர்த்தியது, அடுத்த ஊருக்கு வழி சொன்னது. நம் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. அப்பாவின் பெரிய சைக்கிளில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறைக்கு எண்டோ ஒன்றும் அந்நியமல்ல. 2024-ல் அந்தப் பெயரிலேயே ஒரு படம் வந்ததால் இப்போதைய பிள்ளைகளுக்கும் குரங்குப் பெடல் என்றால் தெரியும், செய்யத்தான் தெரியாது.

ஆகவே அந்தப் பெரியவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: சைக்கிள் சுற்றியவர் எந்தப் பக்கமாகச் சுற்றினார், தூக்கம் வந்தால் என்ன செய்தார், பார்வை எங்கே இருந்தது. “கம்பத்தப் பாத்துட்டே இருப்பான்” என்பார். சின்ன வட்டத்தில் மெதுவாகச் சுற்றும்போது கண்ணை வட்டத்தின் நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்றும் கற்றுக்கொடுக்கிறார்கள். அதைக் காசு கொடுத்துக் கற்க வேண்டியதில்லை.

விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசை விட்டுப்போய், படிப்போ வேலையோ வந்து, சைக்கிளைத் தள்ளிவிடலாம் என்று தோன்றினால் பழைய இரும்புக் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். அங்கே கிலோக் கணக்கு. சாதா இரும்புச் சைக்கிள் பதினைந்து கிலோவுக்கு ஒரு விலை வரும். நீங்கள் மூன்று மடங்கு கொடுத்து வாங்கிய குரோமோலி பத்து கிலோதான் நிற்கும். தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, “என்னா தம்பி, சத்தே இல்லியே” என்று சொல்லி, சாதா சைக்கிளைவிடக் குறைத்துத்தான் கொடுப்பார்.